முதுகில் கட்டும் ஜிபிஎஸ் கருவி: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

விளையாட்டு வீரர்களின் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, இறுக்கமான பனியனின் பையில் உட்காரும் 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் கருவிகள் மொத்த ஓட்டத் தூரத்தை நன்றாகவே கணக்கிடுகின்றன. நொடிக்குப் பத்து முறை இடத்தைப் பதிவதால் நேரான ஓட்டத்தில் பெரிய பிழை வராது. தடுமாறுவது குறுகிய இடத்தில் சட்டென்று கிளம்பி, நின்று, திரும்பும்போதுதான். ஐந்து மீட்டர் பாய்ச்சலின் முடுக்க எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

பனியன் தொளதொளவென்றிருந்தால் கருவி குலுங்கும். அதற்குள் அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் அதையும் உழைப்பாகக் கணக்கில் சேர்த்துவிடும். ஒரு அளவு சிறியதாகவே வாங்குங்கள். பயிற்சிக்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பே திறந்த வெளியில் ஆன் செய்து வையுங்கள். செயற்கைக்கோள் பிடிபடாமல் தொடங்கினால் முதல் சில நிமிடத் தரவு குப்பை. உயரமான கூரையுள்ள மைதானத்திலும் இதே தொல்லை. உள்ளரங்கில் ஜிபிஎஸ் உதவாது.

ஒரே மாடலிலும் கருவிக்குக் கருவி அளவீடு மாறும். எனவே எண் ஒட்டி, ஒவ்வொரு வீரருக்கும் எப்போதும் அதே கருவியைக் கொடுங்கள். மென்பொருள் அப்டேட்டைப் பருவத்தின் நடுவில் போடாதீர்கள், பழைய எண்களோடு ஒப்பிடவே முடியாமல் போகலாம்.

பட்ஜெட் இடித்தால், பயிற்சி முடிந்ததும் வீரரிடம் சிரமத்தைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு நிமிடங்களால் பெருக்குங்கள்: சிரமம் 7 × 60 நிமிடம் = 420, இதுதான் அன்றைய பயிற்சிச் சுமை. செலவே இல்லை. கருவி இருந்தாலும் இதை விடக் கூடாது. உடல் எவ்வளவு ஓடியது என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும், எவ்வளவு களைத்தது என்பதை அல்ல.