பொள்ளாச்சிப் பக்கம் ரோஜாச்செடி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

ரோட்டோர நர்சரியில் ரோஜாச்செடியோடு பெயரில்லாத பாட்டிலில் 'ஆர்கானிக் மருந்து' கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். பொள்ளாச்சி–உடுமலை ரோட்டில் ஒரு நர்சரியில் ஆனி மாசம் எனக்கு நடந்தது இது.

செடிகள் மேலே மொட்டும் பூவுமாக இருந்தன. அடியிலைகளில் மட்டும் கருப்புப் புள்ளிகள். விரலை வைத்துக் காட்டியே கேட்டேன். "சாரலுக்கு அப்படித்தானுங்க்கா இருக்கும். இந்த மருந்தத் தெனம் சாயங்காலம் இலை நனையற மாதிரி அடிச்சு உடுங்க, பளபளன்னு வந்துரும்" என்றார். செடி 180 ரூபாய், பாட்டில் 250.

அவர் சொன்னபடியே அடித்தோம். புள்ளி பெருகியது. ஓரம் பிசிறு பிசிறாக ஒரு கருவட்டம், சுற்றிலும் மஞ்சள். தொட்டாலே இலை கையோடு வந்தது. கடைசியில் வெறும் குச்சி. பக்கத்தில் அத்தை பல வருஷமாக வளர்த்த ரோஜாவுக்கும் பரவிவிட்டது, அதுதான் மனசு ஆறவில்லை.

இது கரும்புள்ளி நோய், பூஞ்சணத்தால் வருவது. இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் அதன் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும் மாசத்தில், சாயங்காலம் இலையை நனைத்தால் விடிய விடியக் காயாது. செடி விற்றுப் பிழைக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

திருப்பிக் கொண்டுபோனால், "நீங்க வெச்ச எடம் சரியில்லீங்க" என்று முடித்துவிட்டார். பில் கேட்டதற்கு, "செடிக்கெல்லாம் பில்லுங்களா?" என்றார்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஓர் இலைப் படமும் 'நூறு சதவீதம் ஆர்கானிக்' என்ற எழுத்தும்தான். பூச்சிக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி எதுவானாலும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்தின் பெயர், பதிவு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். விற்கிறவருக்கு லைசென்சும் வேண்டும்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியிலையைத் தூக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய செடிகளோடு சேர்க்காமல் கொஞ்ச நாள் தனியே வையுங்கள். தண்ணீர் காலையில், வேரில் மட்டும். தொட்டிகளை நெருக்கி அடுக்காமல் காற்றோட வையுங்கள். புள்ளி விழுந்த இலையையும் கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். அப்புறமும் நிற்காவிட்டால், கரும்புள்ளிக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம். இலையில் வெள்ளை மாவு பூத்தாற்போல வருவது வேறு, அது சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் மட்டும் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். எதை அடித்தாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லிவிட்டேன். மீதி மருந்தைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன், வேளாண்மை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். இதேபோல் பாட்டில் வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் கொட்டிவிடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.