37-க்கு அடுத்து 41: வாய் திறக்காத அன்ஹைடு

போன வாரம் ஒரு நண்பன் போன் செய்தான். "மூணு வரிசையைக் காணோம்டா. அன்ஹைடு, அன்ஹைடுன்னு கொடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு. அசையவே மாட்டேங்குது."

இருப்புக் கணக்கு போட்டு வைத்திருக்கும் எக்செல் ஷீட். மறைத்த வரிசையைத் திரும்பக் காட்டச் சொல்லும் கட்டளைதான் அன்ஹைடு. இடது ஓரத்தில் 37-க்கு அடுத்து 41 நிற்கிறது. அடியில் வரும் கூட்டுத்தொகை ஒன்று. அச்செடுத்த தாளில் இருக்கும் எண்களை அவன் கால்குலேட்டரில் கூட்டினால் வருவது வேறொன்று. நடுவில் 38, 39, 40 எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கூட்டலில் மட்டும் கலந்துகொள்கின்றன.

பன்னிரண்டு வருடமாக இந்த மென்பொருளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கணக்குப் போடுவதில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு லட்சம் வரி உள்ள பட்டியலைக் கொட்டினாலும் முகம் சுளிக்காமல் வடிகட்டித் தரும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் மேசையைத் தட்டியிருக்கிறேன். அன்ஹைடு கொடுத்து வரிசை வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அது சொல்லவே சொல்லாது. பிழைச் செய்தி கிடையாது, பீப் கிடையாது. நாம் கிளிக் செய்யாத மாதிரி அப்படியே இருக்கும்.

வரிசை கண்ணில் படாமல் போக அரை டஜன் வழி இருக்கிறது. நமக்குத் தோன்றும் மருந்தோ அன்ஹைடு ஒன்றுதான். அங்கேதான் வம்பு.

போனிலேயே நண்பனிடம் முதலில் கேட்டது, "வரிசை எண்ணெல்லாம் நீலமா இருக்கா?" நீலமாக இருந்தால் ஃபில்டர் வேலை, அதாவது நாம் கேட்ட வரிகளை மட்டும் காட்டும் வடிகட்டி. ஃபில்டர் ஒதுக்கி வைத்ததை அன்ஹைடால் இழுக்க நினைப்பது வீண் முயற்சி. டேட்டா டேபுக்குப் போய் கிளியர் கொடுத்தால் வந்துவிடும். "இல்ல, கறுப்புதான்" என்றான்.

"ரைட் கிளிக் பண்ணினா அன்ஹைடு மங்கலா தெரியுதா?" மங்கலாக இருந்தால் ஷீட் பூட்டப்பட்டிருக்கிறது. ரிவ்யூ டேபில் அன்புரொடெக்ட், கடவுச்சொல் இருந்தால் வைத்தவரிடம் கேட்க வேண்டும். அதுவும் இல்லை; நன்றாகவே அழுத்த முடிகிறது, பலன்தான் இல்லை.

சரி, உருட்டினாலும் மேல் வரிசைகள் நகராமல் நிறுத்தி வைக்கும் ஃப்ரீஸ் பேன்ஸா? அது என்னை ஒருமுறை அரை நாள் அலைக்கழித்த ஆள். பன்னிரண்டாவது வரிசை திரையின் உச்சியில் இருக்கும்போது யாரோ ஃப்ரீஸ் செய்துவிட்டால், மேலே உள்ள பதினொன்றும் எட்டாமல் போய்விடும். எவ்வளவு உருட்டினாலும் மேலே போகாது. அவை மறைக்கப்படவும் இல்லை, அழிக்கப்படவும் இல்லை. வியூ டேபில் அன்ஃப்ரீஸ் கொடுத்தவுடன் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்கும். ஆனால் இவனுக்கு ஓட்டை நடுவில், உச்சியில் இல்லை. அப்போது இதுவும் இல்லை.

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. "37-க்கும் 41-க்கும் நடுவுல கோடு எப்படி இருக்கு? நல்லா உத்துப் பாரு. ரெண்டு மெல்லிய கோடா, இல்ல ஒரே தடிச்ச கோடா?"

கொஞ்ச நேரம் மூச்சே இல்லை. மூக்கைத் திரையில் ஒட்டிப் பார்க்கிறான் போலும். "தடிச்ச கோடு மாதிரிதான் இருக்கு."

சிக்கியது. இரண்டு மெல்லிய கோடு என்றால் மறைத்தது, ஒரே தடித்த கோடு என்றால் குறுக்கியது. வரிசை எண்களின் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்து யாரோ குறுக்கியிருக்கிறார்கள். முழுதாக மூடுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே கையை விட்டுவிட்டார்கள். வரிசையின் உயரம் பூஜ்யமாகிவிட்டால் எக்செல் அதை மறைந்ததாக எடுத்துக்கொள்ளும். ஆனால் 0.75 புள்ளி (எக்செல் வரிசை உயரத்தை அளக்கும் அலகு) என்று துளி உயரம் மிச்சமிருந்தால் அதன் கணக்கில் அந்த வரிசை திறந்தேதான் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் அளவு இல்லை, அவ்வளவுதான். திறந்திருக்கும் கதவைத் திற என்றால் அது என்ன செய்யும்? பேசாமல் இருக்கும்.

37-இலிருந்து 41 வரை எண்களைப் பிடித்து இழுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ரைட் கிளிக், ரோ ஹைட் (வரிசை உயரம்), 15, ஓகே. "வந்துடுச்சு!" என்று கத்தினான். மூன்று வரிசை. அதற்கு அவன் செலவிட்டது ஒரு முழு மாலை.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த மாலைக்காகத்தான். 'இந்த வரிசை மறைக்கப்படவில்லை, உயரம் குறைவு' என்று ஒரு வரி காட்ட என்ன கேடு? கூகுள் ஷீட்ஸில் வரிசையை மறைத்தால் எண்களுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி வரும். அதைத் தட்டினால் வரிசை திரும்பி வரும். அங்கேயும் குறுக்கிவிட்ட வரிசைகளைத் தேடத்தான் வேண்டும் என்றாலும், மறைத்த இடமாவது தூரத்திலிருந்தே தெரிகிறது. இங்கே இரண்டு மெல்லிய கோட்டையும் ஒரு தடித்த கோட்டையும் வேறுபடுத்த நகைக்கடைக்காரர் கண்ணாடி வேண்டும்.

முதல் வரிசை மறைந்தால் கூத்தே தனி. மேலே பிடித்துத் தேர்ந்தெடுக்க வேறு வரிசை கிடையாதே. இடது மேல் ஓரத்தில் கட்டத்தின் பெயரைக் காட்டும் நேம் பாக்ஸில் ஏ1 என்று தட்டி என்டர் கொடுத்து, பிறகு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+9 அழுத்த வேண்டும். அல்லது இடது மூலையில் உள்ள முக்கோணத்தைத் தொட்டு முழு ஷீட்டையும் எடுத்து அன்ஹைடு. தரவுக்குள் நின்றுகொண்டு கன்ட்ரோல்+ஏ ஒருமுறை அழுத்தினால் அந்தத் தரவுப் பகுதி மட்டும்தான் தேர்வாகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நியாயமாகவும் பேச வேண்டும் இல்லையா? மறைத்தல் எனக்குச் சோறு போட்ட வசதியும்கூட. கூட்டல் போடும் சப்டோட்டல் சூத்திரத்தில் 9 போட்டால் கையால் மறைத்த வரிசைகளும் கூட்டலில் சேரும், 109 போட்டால் சேராது. இந்த ஒரு நுணுக்கத்தை வைத்துக்கொண்டு ஒரே பட்டியலில் இரண்டு விதக் கணக்குக் காட்டியிருக்கிறேன். ஃபில்டர் ஒதுக்கிய வரிசைகளை இரண்டுமே விட்டுவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆல்ட்டும் அரைப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். கண்டுபிடித்த அன்று சின்னப் பிள்ளை மாதிரி பத்துத் தடவை அழுத்திப் பார்த்தேன்.

அதைத் தெரிந்துகொண்டது அடிபட்ட பிறகுதான். கையால் மறைத்த வரிசைகளோடு ஒரு விலைப்பட்டியலை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினேன். நான் மறைத்த அடக்க விலை எல்லாம் எதிர்த்தரப்பு கையில் போய் உட்கார்ந்தது. ஃபில்டர் செய்த பட்டியலை நகலெடுத்தால் தெரிவது மட்டும் போகும். கையால் மறைத்ததை நகலெடுத்தால் மறைந்ததும் கூடவே போகும். யாருக்குத் தெரியும் அப்போது?

என்னைவிடப் பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள். 2008-இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி சரிந்தபோது அதன் சொத்துகளில் ஒரு பகுதியை பார்க்லேஸ் என்ற பிரிட்டிஷ் வங்கி வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்கிறோம் என்ற எக்செல் பட்டியலில் வேண்டாதவற்றை மறைத்து வைத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்குத் தர பிடிஎஃப் ஆக்கியபோது மறைந்திருந்த 179 ஒப்பந்தங்களும் வெளியே வந்து பட்டியலில் சேர்ந்துவிட்டன. அதைத் திருத்தித் தரக் கேட்டு மறுபடி நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நண்பனுக்கு வராத வரிசை, அவர்களுக்கு வேண்டாமலே வந்தது.

வெளியே போகும் கோப்பு என்றால் இப்போதெல்லாம் ஒரு பிரதி எடுத்து, அதில் கோப்பில் ஒளிந்திருப்பதைத் தேடிக் காட்டும் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டரை ஓடவிடுகிறேன். மறைந்த வரிசை, நெடுவரிசைகளை எண்ணிக்கையோடு காட்டும். அங்கே 'ரிமூவ் ஆல்' அழுத்தினால் அவை வெளிப்படாது, அழிந்தே போகும், அதனால்தான் பிரதி.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு மதிப்பெண் கேட்டால், மென்பொருளுக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகத் தருவேன். இந்த மறைத்தல் வசதிக்கு இன்று இரண்டுதான். நண்பனின் அந்த மாலை மறந்தபின் கேளுங்கள், ஒருவேளை ஆறு ஆகலாம். அவனுக்கு நான் சொன்னது, வரிசையை மறைக்கவே மறைக்காதே, குழுவாக்கு என்பதுதான். ஆல்ட்+ஷிஃப்ட்+வலது அம்பு, ஓரத்தில் கூட்டல் குறி நிற்கும், மடித்தது யார் கண்ணுக்கும் தெரியும். அந்தக் குறியும் காணாமல் போனால் கன்ட்ரோல்+8.

நான் கேட்கிறேனா என் பேச்சை? இன்று காலைகூட 12 முதல் 19 வரை மறைத்துவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போனேன். ஏ11-இல் மட்டும் மஞ்சள் அடித்து எழுதி வைத்திருக்கிறேன்: 'கீழே எட்டு வரிசை மறைத்திருக்கு, தேடாதே.'