மலாக்காவா, பினாங்கா?

மலேசியாவுக்கு முதல் முறை போகிறவர்கள் கோலாலம்பூர், பத்துமலை எல்லாம் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நாளை எங்கே கழிப்பது என்று விசாரித்தால் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்கள்தான் காதில் விழும். இரண்டும் கடலோரக் குட்டி மாநிலங்கள். பெர்லிஸை விட்டால் நாட்டிலேயே சிறிய மாநிலங்கள் இவைதான். மலாக்கா நகரையும் பினாங்கின் ஜார்ஜ்டவுனையும் 2008இல் யுனெஸ்கோ ஒன்றாகவே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதனால் ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரிதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

முதலில் வயதே வேறு. பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றியது 1786இல். மலாக்காவிலோ அதற்கு வெகு முன்பே ஒரு சுல்தானகம் எழுந்து, 1511இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்து, 1641இல் ஊர் டச்சுக்காரர் கைக்கு மாறியிருந்தது. புதிய பினாங்குத் துறைமுகத்துக்குப் பழைய மலாக்கா போட்டியாக நிற்கக்கூடாது என்று, தற்காலிகமாக ஊரைக் கையில் வைத்திருந்த ஆங்கிலேயர் 1807இல் அதன் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊர் மக்களையே பினாங்குக்குக் குடிபெயர்த்துவிடும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. இன்று எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சாந்தியாகோ வாசல், அந்த இடிப்பில் தப்பித்த ஒரு துண்டு.

வரலாற்றில் ஆசை இருப்பவர் என்றால் தயங்காமல் மலாக்கா போங்கள். அந்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறினால் கூரையில்லாத புனித பவுல் தேவாலயம். உள்ளே சுவர் ஓரமாக ஆளுயர டச்சுக் கல்லறைக் கற்களை வரிசையாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கலாம், அவ்வளவு ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்களிடையே பணிசெய்த சவேரியாரின் உடலை, கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தக் குழி இன்னும் இருக்கிறது.

ஆற்றைத் தாண்டினால் பொற்கொல்லர் தெரு. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், அடுக்குக் கூரையும் பகோடா போன்ற மினாராவும் கொண்ட கம்போங் கிளிங் மசூதி, செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து வந்துவிடும். விநாயகர் கோயிலைக் கட்டியவர்கள் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்னும் மலாய் மேல்சட்டை, கும்பிடுவது மாரியம்மனை. காஜா பெராங் பகுதியில் அவர்களுடைய கிராமமும் ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நமக்கு மலாக்காவில் அதைவிட முக்கியமான இடம் வேறில்லை என்பேன்.

சரி, பினாங்கு? சாப்பாட்டில் பினாங்குதான். இதில் விவாதமே வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் காவடி போல் தோளில் சுமந்து விற்கத் தொடங்கிய நாசி கண்டார், நான்கைந்து குழம்புகளைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றித் தரும்போது கிடைக்கும் ருசி அந்த ஊருக்கே உரியது. அப்புறம் புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட அசாம் லக்சா, தட்டை அரிசி நூடுல்ஸை வறுத்துத் தரும் சார் குவே தியாவ். மலாக்காவின் கோழிச்சோற்று உருண்டையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இதற்கு ஈடு சொல்ல முடியாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா கைகொடுக்கும்.

பினாங்கின் பலம் அது இன்னும் ஓயாத நகரமாக இருப்பது. சூ ஜெட்டியில் கடலுக்கு மேல் கட்டைக் கால்களில் நிற்கும் வீடுகளில் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. கொடிமலைக்கு 1923 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறிவிட்டால் மேலே வெயில் தணிந்துவிடும். தைப்பூசத்தை ஒட்டிப் போக முடிந்தால் வேறு யோசனையே தேவையில்லை. வெள்ளித் தேர் வரும் வழியெங்கும் தேங்காய்களை மலையாகக் குவித்து வைத்து உடைப்பார்கள், சீனக் குடும்பங்களும் சேர்ந்து. பிறகு ஒன்று: தீவு பழைய கெடாவைச் சேர்ந்தது, அதாவது ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரம். கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களைப் பினாங்கிலிருந்து காரில் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

கடற்கரைக்காக இரண்டு இடத்துக்கும் போகவேண்டாம். பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை பரவாயில்லை, அவ்வளவுதான்.

மலாக்காவை எல்லோரும் கோலாலம்பூரிலிருந்து பகல் பயணமாகப் பார்த்துவிட்டு, 'ஒன்றுமில்லை, சின்ன ஊர்' என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான், உண்மை. ஆனால் உச்சி வெயிலில் போய், பாட்டு அலறும் பொம்மை ரிக்‌ஷாக்களுக்கு நடுவில் டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த ஊர் பிடிபடாது. ஓர் இரவாவது தங்குங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜோங்கர் தெருச் சந்தை கூடும், அறை வாடகையும் ஏறும். சந்தை முக்கியமில்லை என்றால் புதன், வியாழன் நல்லது.

வயதான பெற்றோரோ குழந்தைகளோ கூட வந்தால், மூன்று இரவு கையில் இருந்தால், பினாங்குதான் வசதி. விமான நிலையம் தீவிலேயே இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். பாலம் வழியாக டாக்சி எடுக்க வேண்டாம், படகே ஜார்ஜ்டவுனின் பழைய பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.