எது முதலில் போகிறது? வீட்டு மின்னணுச் சாதனங்களின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டிவி, ரௌட்டர், டிரிம்மர், எல்இடி பல்பு எல்லாம் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டு மூன்று வருடம் ஓடி நின்றுபோனதைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஐசி (சிப்) பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது ஒரு கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்), பேட்டரி, பேக்லைட்டில் (டிவி திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு வரிசை) ஒற்றை எல்இடி, இல்லையென்றால் விரிசல் விட்ட சால்டர் (ஈயப் பற்று). அந்தச் சின்னப் பாகத்தைக் கை எட்டினால் சாமான் பிழைக்கும், எட்டாவிட்டால் குப்பைதான்.

ரௌட்டர் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் பலரும் ரௌட்டரையே மாற்றிவிடுகிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. 12 வோல்ட் அடாப்டரைத் தனியாக மீட்டரில் வைத்தால் சரியாக 12 காட்டும். அதை நம்ப வேண்டாம். ரௌட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பத்து, பத்தரை என்று இறங்கினால், அவுட்புட் பக்கத்து எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் (உள்ளே திரவம் உள்ள ரகம்) வறண்டிருக்க வாய்ப்பு அதிகம். தலை உப்பியிருந்தால் கேள்வியே இல்லை. உப்பாமல் போனதும் நிறைய உண்டு.

காரணம் சூடு. இந்தக் கெபாசிட்டரின் ஆயுளை 105 டிகிரியில் இத்தனை மணி நேரம் என்று குறிப்பிடுவார்கள். மலிவான ரகத்துக்கு 2000 மணி நேரம் சாதாரணம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம், அதாவது இரவுபகலாக மூன்றரை வருடத்துக்கு மேல். அதையே 85 டிகிரியில் ஓட்டினால் 8000 மணி நேரம். ஒரு வருடம்கூட இல்லை. ரௌட்டரையோ ஓய்வே இல்லாமல் ஓட விடுகிறோம், அடாப்டரை டிவி அலமாரிக்குள் துணியும் தூசியுமாக அடைத்து வைக்கிறோம். வேண்டுமென்றே கெட்டுப்போகச் செய்கிறார்கள் என்ற பேச்சு எப்போதும் உண்டு. அவ்வளவு சதி தேவையே இல்லை. 5000 மணி நேர ரகத்துக்குப் பதில் 2000 போட்டு, அதையும் ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியே கடத்தும் உலோகத் தகடு) பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அல்லது ஒரு படி மேலே, 105 டிகிரி, ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) குறைந்த ரகம். உடலில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். உயரமும் விட்டமும் பொருந்தாவிட்டால் மூடி மூடாது. மெயின் பக்கத்துப் (வீட்டு மின்சாரம் நுழையும் பக்கம்) பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், இரண்டு கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒட்டி மூடிய அடாப்டரை உடைத்துத் திறப்பதைவிட வேறொன்று வாங்குவதே புத்திசாலித்தனம். வோல்டேஜும் பின்னின் பிளஸ் மைனஸும் அதேபோல் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் பிழைத்திருக்கிறது, போனது பேக்லைட். எல்இடிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று போனாலும் மொத்தமும் அணையும். அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மற்றவையும் அதே சூட்டில் அதே காலம் எரிந்தவை, அடுத்தடுத்துப் போகும். ஸ்ட்ரிப்களை முழு செட்டாக மாற்ற வேண்டும். எல்இடி 3 வோல்டா 6 வோல்டா என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். பேனலைத் தூக்கும்போது ஓரத்து மெல்லிய ரிப்பன் கிழிந்தால் டிவி முடிந்தது. தனி ஆளாகச் செய்யும் வேலை இல்லை.

தடுப்பது இதைவிட எளிது. பல டிவிகள் கடை வெளிச்சத்துக்கு ஏற்றபடி பேக்லைட் உச்சத்தில் வருகின்றன. முதல் நாளே 50, 60க்கு இறக்கிவிடுங்கள். மெனுவில் ‘பிரைட்னஸ்’ என்று இருப்பது பல மாடல்களில் கறுப்பின் அளவை மட்டும் மாற்றும். ‘பேக்லைட்’ தனியாக இருக்கும்.

டிரிம்மரில் பிளேடு மழுங்கும் முன்பே பேட்டரி ஓய்ந்துவிடுகிறது. உள்ளே இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் செல்லா, 3.7 வோல்ட் லித்தியமா என்று உறையில் படித்து, அதே ரகத்தையே போட வேண்டும். மாற்றிப் போட்டால் சார்ஜிங் சர்க்யூட் ஒத்துவராது, தீப்பிடிக்கவும் கூடும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காமல், தகடு வெல்டிங் செய்து வருவதை வாங்குங்கள். வயர்லெஸ் இயர்பட் வேறு கதை: பட்டாணி அளவு செல்லை ஒட்டி மூடியிருப்பார்கள், திறந்தால் பழையபடி மூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பேட்டரியைப் பயனரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் அமலாகிறது. அதுவரை இயர்பட் வாங்குவது சில வருட வாடகை என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

எல்இடி பல்பு அட்டையில் போடும் 25,000 மணி நேரம் பெரும்பாலும் எல்இடியின் வெளிச்சக் கணக்கு. அதற்கு மின்சாரம் தரும் சர்க்யூட்டான டிரைவர் சூட்டில் அதற்கு முன்பே போய்விடும். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போடுவதாக இருந்தால் வாட் குறைந்ததைப் போடுங்கள், இல்லையென்றால் கூண்டைத் திறந்து வையுங்கள்.