கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குக் கேரவன்: சில வசந்தங்களுக்குப் பிறகு

மார்ச் கடைசியில் கொழும்பு வெயில் வறுத்தெடுக்கும் நேரம், நுவரெலியாவில் வசந்தம். ஹைரூஃப் வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு போய், பத்து நாள் தங்கித் தினமும் நடக்கலாமா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: காலை ஆறுக்கு நடக்கத் தொடங்குபவர்களுக்கு வேன் சரிவரும். எட்டு மணிக்கு எழும்புகிறவர்கள் அறை எடுப்பதே நல்லது.

இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் காலை வெளித்திருக்கும், மதியம் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். ஹோட்டன் சமவெளியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர், நிதானமாக நடந்தால் மூன்று நான்கு மணித்தியாலம். ஆனால் அந்தப் பாதையில் வரும் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு ஒன்பது, பத்து மணிக்கே பெரும்பாலும் மூடுபனிக்குள் போய்விடும். வாசலில் பொலித்தீனைக் கழற்றச் சொல்வார்கள், சோற்றை வாழையிலையில் கட்டுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை வரை தோட்டப் பாதையில் சுமார் 7 கிலோமீற்றர் ஏற்றம். அந்த ஒடுங்கிய பாதையில் வேனை ஏற்றாதீர்கள், கீழேயே விட்டுவிடுங்கள். பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) முடிந்து கொழுந்தெடுக்கப் போகிற அக்காமாரிடம் வழி கேட்டால் வரைபடத்தில் இல்லாத குறுக்குப்பாதையும் கிடைக்கும்.

வேனைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் பற்றரிதான். ஓடும்போதுதான் எஞ்சினோடு சுழலும் ஓல்டர்னேற்றர் சார்ஜ் ஏற்றும், நடைக்கு வந்த வேனோ நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். 100 ஆம்பியர் மணி ஈய-அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, கையில் இருப்பது 50 ஆம்பியர் மணி. குளிர்சாதனப் பெட்டி 4 ஆம்பியர் இழுத்து, நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடினாலே நாளுக்கு 32 தீரும். இரண்டாம் நாள் இரவு விளக்கு மங்கும். கூரையில் சூரியத் தகடு போட்டாலும் பிற்பகல் முகில் பாதியைத் தின்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வேனை ஓட்டி இடம் மாறுங்கள், அல்லது பெட்டியையே வீட்டில் விட்டுவிடுங்கள். நுவரெலியாக் குளிருக்குப் பருப்பு, கருவாடு, முட்டை, பாண் போதும்.

கேஸ் சிலிண்டர் 2.3 கிலோ வேண்டாம், 5 கிலோ எடுங்கள். விடியற்காலைக் குளிரில் பியூட்டேன் மெதுவாகத்தான் ஆவியாகும். சிறிய சிலிண்டர் எரிய எரிய இன்னும் குளிர்ந்துபோவதால் தேநீர் கொதிக்கும் முன்பே சுடர் சுருங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கவோ, அடுப்பை மூட்டிக் குளிர்காயவோ கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

தண்ணீரைக் கொழும்பில் நிரப்பி ஏற்றினால் 60 லீற்றருக்கு 60 கிலோ. மேலே போய் நிரப்புங்கள். இறங்கும்போது தொட்டியில் மிஞ்சிய தண்ணீரின் பாரமும் பிரேக்கில்தான் விழும். றம்பொடை இறக்கத்தில் ஏறிய அதே கியரில்தான் இறங்க வேண்டும். காலைப் பெடலில் வைத்தபடியே வந்தால் முதலில் எரிந்த மணம் வரும், பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும். மணம் வந்ததுமே ஒதுக்கி நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பெடல் ஒருதடவை மெத்தென்று போயிருந்தால் பிரேக் எண்ணெயை மாற்றாமல் அடுத்த பயணம் வேண்டாம்.

மழைக்குப் பின் அட்டை வரும். மேஸை நீளக்காற்சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டு, காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்து இரண்டு சோடி அவசியம். நனைந்ததற்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தாலும் மறுநாள் காலைக்குக் காயாது.

ஈரம் வேனுக்குள்ளும் வரும். இரண்டு பேர் மூச்சுவிட்டுத் தூங்கினால் விடியும்போது கண்ணாடியில் நீர் வழியும், தகரம் தொட்ட மெத்தை ஓரம் நனைந்திருக்கும். எதிரெதிர் ஜன்னல்களை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றோடச் சட்டப்பலகை அடியுங்கள். திரும்பிய அன்றே மெத்தையை வெளியே எடுத்து வெயிலில் நிமிர்த்தி வையுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் பூட்டிய வேனுக்குள் இரண்டு நாள் கிடந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும்.