மறைத்து வைக்கும் கைத்துப்பாக்கி: இடுப்பா, முன்வயிறா, பாக்கெட்டா, கைப்பையா?

அமெரிக்காவில் முதல்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர், எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியிலேயே மாதக்கணக்கில் உழன்றுகொண்டிருப்பார். கிளாக் 19 நல்லதா, சிக் பி365 நல்லதா, தாத்தா காலத்து ரிவால்வரே போதுமா என்று யூடியூப் முழுக்கச் சுற்றுவார். அதை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது என்பதோ, கடைசி நிமிடத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் ஏதோ ஒரு துணி உறையோடு முடிந்துபோகும். இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. எங்கே வைப்பது என்று முதலில் முடிவானால், எந்தத் துப்பாக்கி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

வைக்கும் இடங்களை ஒப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். காரணம் உண்டு. சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கட்டுரை இந்த வட்டாரத்தில் வெகு பிரபலம். கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்று அவர் காட்டினார். அதிலிருந்து, ஒன்றரை விநாடிக்குள் உருவிச் சுட முடியுமா என்பதே எல்லாருக்கும் பரீட்சையாகிவிட்டது. சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் துப்பாக்கி சுமக்கும் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஒன்றரை விநாடி ஆயுளில் ஒருமுறைகூட வராது. காரில் ஏறி இறங்குவதும், குனிந்து சாமான் எடுப்பதும், கழிப்பறைக்குப் போவதும், குழந்தையைத் தூக்குவதும் தினமும் வரும். நல்ல உறைக்குள் சும்மா கிடக்கும் துப்பாக்கி வெடிப்பது அபூர்வம். கை பட்டு, விரல் பட்டு, துணி சிக்கித்தான் வெடிக்கும். அதனால் என் அளவுகோல் வேறு: காலையில் மாட்டியதிலிருந்து இரவு கழற்றும்வரை அதை எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது? தொடுவது குறையக் குறைய அது நல்ல இடம்.

இடங்களுக்குப் போகும் முன் சட்டத்தை ஒரு நடை பார்த்துவிடலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, சட்டத் தடை ஏதுமில்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஃபுளோரிடாவில் 2023 ஜூலை முதல் மறைத்து வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. நியூயார்க்கில் கதை வேறு. தனக்கு ஏன் துப்பாக்கி தேவை என்று சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்ற விதியை 2022 ஜூன் மாதம் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. ஆனாலும் அங்கே உரிமம் இன்னும் கட்டாயம். நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் மாதிரிச் சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் விசாக்காரருக்கு அது கணக்கில் வராது. நண்பரோடு சேர்ந்து விளையாட்டாக ஒன்று வாங்கி வைத்தாலும் ஊர் திரும்ப வேண்டிய நிலை வரலாம்.

இடுப்பும் முன்வயிறும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இடங்களைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வது இங்கே வழக்கம். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3 மணி. பேன்ட்டின் உட்புறமாக 3லிருந்து 4 மணிக்குள் வைப்பது பழைய வழி. 12க்கும் 2க்கும் இடையில் வைப்பதை அப்பெண்டிக்ஸ் என்கிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பயிற்சியாளர்களில் கணிசமானவர்கள் அதன் பக்கம் போய்விட்டார்கள்.

வேகத்தில் அப்பெண்டிக்ஸ்தான் முந்துகிறது. கை இயல்பாகவே வயிற்றுக்கு முன்னால் இருக்கிறது. சட்டையை மேலே இழுத்தால் பிடி கைக்கு வந்துவிடும். கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து பிடுங்கப் பார்த்தாலும் இரண்டு கையாலும் காக்கலாம். குனிந்தால் துருத்தாது. இடுப்பில் வைத்தவர் சூப்பர் மார்க்கெட்டில் கீழ்த்தட்டுச் சாமானுக்குக் குனியும்போது சட்டைக்கு மேல் பிடியின் வடிவம் அப்படியே தெரியும். அது தெரியாமலிருக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும் பழக்கம் வர வேண்டும்.

காருக்குள்ளும் அப்பெண்டிக்ஸ்தான் தேவலாம். வலது இடுப்பில் இருப்பது இருக்கைக்கும் சீட் பெல்ட் கொக்கிக்கும் நடுவே புதைந்துவிடும். ஆனால் உட்கார்ந்தால் குழல் தொடையிலோ அடிவயிற்றிலோ குத்தும். தொப்பை உள்ளவர்கள் அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள். இங்கேதான் என் அளவுகோல் வேலை செய்கிறது. குத்துகிற துப்பாக்கியை மனிதன் சும்மா விடமாட்டான். இழுத்துவிடுவான், நகர்த்துவான், காரில் ஏறியதும் கழற்றிக் கப் ஹோல்டரில் போடுவான், இறங்கும்போது திரும்ப மாட்டுவான். இருக்கும் இடமோ குழலுக்கு நேரே தொடைத் தமனி ஓடும் இடம். திரும்ப மாட்டும்போது கைதவறி வெடித்துக் குண்டு அங்கே பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இடுப்பில் அதே தவறு நடந்தால் குண்டு பெரும்பாலும் பின்பக்கச் சதையைக் கிழித்துக்கொண்டு போகும். அதுவும் சின்ன விஷயமில்லை, ஆனாலும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

அப்பெண்டிக்ஸ் ஆதரவாளர்கள் இதற்குச் சொல்லும் பதில் நியாயமானது. உருவுவதற்கு அவசரம் உண்டு, திரும்ப உறையில் வைக்க எந்த அவசரமும் இல்லை. சட்டையை நன்றாக விலக்கி, இடுப்பை முன்னே தள்ளி, குழல் உடம்பை விட்டு விலகியிருக்கும்படி, கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக வையுங்கள் என்கிறார்கள். இன்னும் பாதுகாப்பான வழி, உறையைத் தனியே வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் நுழைத்து, இரண்டையும் சேர்த்து இடுப்பில் செருகுவது. இந்த ஒழுங்கு உள்ளவருக்கு அப்பெண்டிக்ஸ் தாராளமாக ஒத்துவரும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் இடுப்பைத்தான் சொல்வேன். ஒன்றரை விநாடிப் பரீட்சையில் கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லை.

எங்கே வைத்தாலும், விரலால் இழுத்துச் சுடும் விசையை உறை முழுக்க மூடியிருக்க வேண்டும், வாய் மடங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். கைடெக்ஸ் எனும் கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தவை இதற்கு நல்லவை. தோல் உறை உடம்புக்கு இதம். ஆனால் பழசாகித் தொய்ந்துபோனால் அதன் விளிம்பே விசைக்குள் மடங்கி நுழையும். உறையே இல்லாமல் செருகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரஸ்தான் சாட்சி. 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் கோப்பையை வென்று தந்த பந்தைப் பிடித்தவர் அவர். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றில், இடுப்பில் வெறுமனே செருகியிருந்த கிளாக் காலுக்குள் வழுக்கி இறங்க, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமமும் அவரிடம் இல்லை. இரண்டாண்டுத் தண்டனை கிடைத்தது. நழுவும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்காதீர்கள், கீழே விழட்டும் என்று வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பாக்கெட்

பாக்கெட்டின் பெரிய வசதி, யாரும் கவனிக்காமல் கையை உள்ளே விட்டு முன்கூட்டியே பிடித்துக்கொண்டு நிற்கலாம். இருட்டான பார்க்கிங் இடத்தில் இது பெரிய விஷயம். சட்டையை பேன்ட்டுக்குள் விட்டே ஆக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு வேறு வழியும் குறைவு. ஆனால் பாக்கெட்டுக்கென்று செய்த உறை வேண்டும், அந்த பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவுமே இருக்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில் வெளியே எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். துப்பாக்கியும் சின்னதாகத்தான் இருக்க முடியும்.

அப்படிச் சின்னதில் இன்னும் நிலைத்து நிற்பது ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் ஜே ஃபிரேம் ரிவால்வர். 1950இலிருந்து இருக்கும் வகை. சுத்தியல் வெளியே தெரியாத 642 மாடல் சுமார் 400 கிராம்தான், உருவும்போது துணியில் மாட்டாது. விசையை நீளமாக, கெட்டியாக இழுத்தால்தான் சுடும் என்பதால் தற்செயலாக வெடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஐந்தே தோட்டா. அதைவிடப் பெரிய குறை, குழல் குட்டை, குறிமுள் பொடிசு, உதைப்பு கடுமை. பயிற்சிக்குப் போனால் இருபது தோட்டாவில் கை வலித்துவிடும், வலிக்கிற துப்பாக்கியை யாரும் பயிற்சிக்கு எடுத்துப் போவதில்லை. 2018இல் வந்த சிக் பி365 இந்தச் சந்தையைக் கலக்கியது இதனால்தான். ஏறக்குறைய அதே உடல்வாகில் பத்துத் தோட்டா மேகசின், சுடவும் எளிது. பெரிய பாக்கெட்டில் போகும், இடுப்பில் இருந்தால் இருப்பதே தெரியாது. 15 தோட்டா கொள்ளும் கிளாக் 19, நிரப்பினால் 850 கிராமைத் தொடும். சுடுவதற்கு மூன்றிலும் அதுதான் சுகம், சுமப்பதற்கு நல்ல விறைப்பான பெல்ட் கேட்கும். சாதாரண பெல்ட்டில் மாட்டினால் நாள் முழுக்கப் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தொடுவது எகிறிவிடும்.

கைப்பை

இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். உடம்பிலிருந்து பிரிகிற துப்பாக்கி எப்போதாவது மறக்கப்படும், எப்போதாவது வேறு கைக்குப் போகும். 2014 டிசம்பர் 30 அன்று இடாஹோவின் ஹேடன் ஊரில், வால்மார்ட் கடையில் ஓர் இளம் தாயின் கைப்பைக்குள் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை கையை விட்டது. துப்பாக்கி வெடித்து அம்மா அங்கேயே இறந்தார். அது துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்த பை.

மறதிக்குக் கணக்கே இருக்கிறது. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது, பையில் இருந்ததே ஞாபகம் இல்லை என்பதுதான்.

பெண்களின் உடையில் பெல்ட்டும் இல்லை, சரியான பாக்கெட்டும் இல்லை, அப்புறம் பையைத் தவிர என்ன வழி என்று கேட்பார்கள். கேள்வி சரியானது, இந்தத் தொழில் அதை ரொம்ப காலம் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது உடைக்குச் சம்பந்தமில்லாமல் இடுப்பில் தனியாகக் கட்டிக்கொள்ளும் பட்டையில் கைடெக்ஸ் உறை பொருத்தியவை கிடைக்கின்றன. லெகிங்ஸ், குர்த்தா எதற்கும் உள்ளே போகும். வெறும் எலாஸ்டிக் துணிப்பட்டையை மட்டும் வாங்காதீர்கள். துணிக்கு வெளியிலிருந்தே விசையை அழுத்திவிடலாம்.

கழற்ற வேண்டிய இடங்கள்

டெக்சாஸில், அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவின் விற்பனையே பாதி வருமானத்துக்கு மேல் தரும் பார் போன்ற இடங்களில் சிவப்பு எழுத்தில் 51% என்று பலகை இருக்கும். அங்கே துப்பாக்கி கூடாது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களில் கூடாது. பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்கு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலம் தந்த உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் தேவையில்லாத மாநிலத்திலும் உரிமம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஆக, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கழற்ற நேரும் வாழ்க்கை என்றால் உறையின் கொக்கியையும் பார்த்து வாங்க வேண்டும். துப்பாக்கி உள்ளே இருக்க, உறையோடு சேர்த்து ஒரே துண்டாகக் கழன்று வருவதே நல்லது, விசை வெளியே தெரியவே தெரியாது. கழற்றியதைக் காரின் டேஷ்போர்டு அறையில் போட்டால் திருடனுக்குப் பரிசு. இருக்கைக்கு அடியில் கம்பிவடம் கட்டிய சின்னப் பூட்டுப்பெட்டி குறைந்தபட்சம்.

சேம்பரில் தோட்டா இருக்கலாமா?

சேம்பர் என்பது குழலின் பின்முனையில், சுடத் தயாரான தோட்டா உட்காரும் அறை. அதில் தோட்டாவோடு சுமப்பது பற்றிப் புதியவர்கள் எல்லாருக்கும் பயம் வரும். சேம்பர் காலியாக இருந்தால் விசையில் எது பட்டாலும் வெடிக்காது, உண்மைதான். ஆனால் தேவைப்படும்போது, துப்பாக்கியின் மேற்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை ஏற்ற இரண்டு கை வேண்டும். ஒரு கையால் குழந்தையைப் பிடித்திருந்தாலோ, எதிராளியைத் தள்ளிக்கொண்டிருந்தாலோ கையில் இருப்பது வெறும் இரும்பு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் சேம்பரில் தோட்டா வேண்டும் என்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். கூடவே ஒரு மிளகு ஸ்ப்ரேயும் இருக்க வேண்டும் என்பேன். பார்க்கிங்கில் நடக்கும் பெரும்பாலான தகராறுகள் துப்பாக்கி அளவுக்குப் போகத் தேவையில்லை, அங்கே அதை நீட்டினால் சிறைக்குப் போவது நீங்கள்தான்.

பயம் போக, கிளாக் வைத்திருப்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றுத் துப்பாக்கியின் ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டு, தினமும் மாட்டப் போகும் அதே உறையில் வைத்து, வீட்டுக்குள் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரியுங்கள். குனியுங்கள், சோபாவில் புரளுங்கள், மாடிப்படி ஏறுங்கள். இரவு கழற்றும்போது விசையைப் பாருங்கள். கிளாக்கில், தோட்டாவை அடிக்கும் ஊசியான ஸ்டிரைக்கர் இழுபட்ட நிலையிலேயே இருந்தால் விசை முன்னால் நிற்கும், பகலில் எப்போதாவது அழுந்தியிருந்தால் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வாரம் தினமும் முன்னாலேயே நின்றால் அந்த உறையும் அந்த இடமும் உங்களுக்குச் சரி, தோட்டாவை ஏற்றலாம். ஒருநாள் பின்னால் போயிருந்தாலும் உறையை மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.