பெரிய மாற்றம், திங்கள் முதல் அமல்: எங்கள் குழுவுக்கு வந்த ஆலோசனைச் சேவை

எங்கள் மருந்து நிறுவனத்தின் ரெகுலேட்டரி பிரிவில், அதாவது ஒவ்வொரு நாட்டிலும் மருந்துக்கு அரசு அனுமதி வாங்கும் பிரிவில், முன்பு நாட்டுக்கு ஒரு குழு. அதைக் கலைத்து மருந்துக்கு ஒரு குழு என்று அமைத்தபோது, எங்களைத் தயார்படுத்தவும் தகவல் சொல்லவும் வெளியிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். ஏழு மாதம் கூடவே இருந்தார்கள். நான் டோசியர், அதாவது அனுமதிக்கான ஆவணக் கட்டு, தொகுத்து அனுப்புகிறவள். மேலிடம் பார்த்த ஸ்லைடுகளில் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்று.

முதல் கோளாறு ஒரு வார்த்தையில் வந்தது. எங்கள் வேலையில் ‘சேஞ்ச்’, மாற்றம், என்றால் சேஞ்ச் கன்ட்ரோல்தான்: மருந்திலோ தயாரிப்பிலோ செய்யும் மாற்றத்தைப் பதிந்து மதிப்பிடும் முறை. அதற்கு ஒரு எண் உண்டு, எந்த மருந்து, எந்த ஆலை, எந்த நாட்டில் எந்த வகை என்ற மதிப்பீடு உண்டு. இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை, ‘பெரிய மாற்றம், திங்கள் முதல் அமல்’ என்று ஒரு மெயில். பக்கத்து இருக்கைக்காரர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, யாரோ அனுமதி வாங்காமல் தயாரிப்பு முறையை மாற்றிவிட்டார்கள் என்று தர உறுதிப் பிரிவுக்குப் போன் போட்டுவிட்டார். திறந்தால், யாருக்குக் கீழே யார் என்று கட்டம் கட்டிய படம்!

சிரித்தோம். ஆனால் அவர் பதறியதில் நியாயம் இருந்தது. எதைச் செய்துவிட்டுச் சொல்லலாம், எதைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பிரிப்பதுதானே எங்கள் பிழைப்பு. ஐரோப்பாவில் டைப் ஒன்று-ஏ என்ற சிறு மாற்றம் என்றால் செய்த பிறகு 12 மாதத்துக்குள் தெரிவித்தால் பெரும்பாலும் போதும். டைப் இரண்டு என்ற பெரிய மாற்றம் என்றால் ஒப்புதல் வரும்வரை கை வைக்க முடியாது. அமெரிக்காவிலும் அப்படித்தான். சிலது செய்த பிறகு ஆண்டறிக்கையோடு போகும், சிலதுக்கு அனுப்பிவிட்டு 30 நாள் பொறுக்க வேண்டும், சிலதுக்கு முன் ஒப்புதல் வேண்டும். வந்த ஆலோசகர்களோ எல்லாவற்றையும் ஆண்டறிக்கைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இருக்கை இடம், மீட்டிங்கின் புதுப் பெயர் இதெல்லாம் பிறகு சொன்னால் போதும். ஒருவர் பத்து வருடமாகப் பார்த்துவந்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதை அப்படிச் சொல்லலாமா?

எங்கள் சீனியர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. ஒரு ஊசி மருந்துக்கு ஐரோப்பிய ஏஜென்சி மதிப்பீட்டின் 120ஆம் நாளில் அனுப்பும் கேள்விப் பட்டியல் வந்து, பதில்கள் பாதி எழுதிய நிலையில் அவரிடம் இருந்தன. அந்த மருந்து தன்னிடம் இல்லை என்பதை அவர் அந்தப் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கேள்வி வந்ததும் மதிப்பீட்டு நாட்களை எண்ணும் கடிகாரம் நிற்கும் என்பார்கள். அது ஏஜென்சியின் கடிகாரம், எங்களுடையது ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்னொரு மருந்தில், அமெரிக்க விண்ணப்பத்தோடு போகும் 356எச் படிவத்தில் தொடர்புக்கு யார் பெயர் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் தகவல் கோரிக்கை, வேறு வேலைக்குப் போய்விட்டவரின் இன்பாக்ஸில் இரண்டு நாள் தூங்கியது. பதிலுக்குக் கொடுத்திருந்ததே ஐந்து நாள்தான்.

இதற்கெல்லாம் சத்தம் போட்ட பிறகு, இளம் ஆலோசகர் ஒருவரை எங்கள் நடுவிலேயே உட்கார வைத்தார்கள். அந்த மூன்று மதிப்பெண்ணும் அவருக்குத்தான். ஸ்லைடு எதுவும் போடவில்லை, ஒரு எக்ஸெல் தாள் போட்டார். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இதுவரை பதில் சொன்னவர் யார், இனி யார், நிலுவையில் என்ன, கெடு எப்போது, கைமாறும் தேதி எது. கொடுப்பவரும் வாங்குபவரும் பேசி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் அந்த வரி பச்சையாகும். அமெரிக்க ஆண்டறிக்கைக்கு, ஒப்புதல் கிடைத்த நாளின் ஆண்டு நிறைவிலிருந்து 60 நாள்தான் அவகாசம். அந்த நாட்களில் எந்த மருந்தும் கைமாறக் கூடாது என்று அவரே தடுத்து வைத்தார். 

அப்புறம் வியாழக்கிழமை அரை மணி நேரம், கேள்விக்கு மட்டும். “இன்னும் முடிவாகவில்லை, 14ஆம் தேதி சொல்கிறேன்” என்பார். 14ஆம் தேதி வந்து, “இன்னும் முடிவாகவில்லை” என்றே சொன்னாலும், வந்து சொன்னார். முதல் வாரம் நான்கு பேர் வந்த கூட்டத்துக்குப் போகப் போக நாற்காலி பத்தவில்லை.

மற்றவை சுமார். மாற்றத்துக்கு ஆட்களைத் தயார்படுத்தும் அட்கார் முறையை இரண்டு நாள் நடத்தினார்கள். விழிப்பு, விருப்பம், அறிவு, திறன், நிலைநிறுத்தல் என்ற ஐந்து படிக்கு அரை நாள் தாராளம். கார்ட்டூன் வீடியோவை யாரும் முழுதாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாராவாரம் ‘இன்று உங்கள் மனநிலை எப்படி’ சர்வே வேறு. சமர்ப்பிப்பு நாளன்று அதற்கு உண்மையாகப் பதில் எழுதினால் வேலை போய்விடும்.

இவர்களைப் போன்றவர்களை அமர்த்தப் போகிறீர்கள் என்றால், நிலுவைக் கெடுக்களின் பட்டியலை முதல் நாளே அவர்கள் கையில் கொடுங்கள். முடித்துப் போகும்போது அந்த எக்ஸெல் தாளை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்களிடம் எழுதவில்லை. ‘கடைசியாகத் திருத்தியவர்’ என்ற இடத்தில் இரண்டு மாதமாக என் பெயர்தான் இருக்கிறது.